சவுக்குக் கழியில் தொங்கிய கூடு

பூச்சிகளுக்குப் பெயர் சொல்வதுதான் என் பிழைப்பு. விழுப்புரத்தில் ஒரு தனியார் கல்லூரியில், விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கிறேன். எம்.எஸ்சி. படித்துவிட்டு உதவியாளர் வேலையா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் உண்டு. ஆனால் அது நாகரிகமாக இருக்காது.

இரண்டாம் ஆண்டுப் பெண்கள் ஒவ்வொருவரும் ஒரு பூச்சிப் பெட்டி செய்து கொடுக்க வேண்டும். தெர்மோகோலில் குண்டூசியால் குத்தி, கீழே பெயர் எழுதிய சீட்டு ஒட்டிக் கொண்டுவருவார்கள். சீட்டு சரியா என்று பார்ப்பது நான். பறப்பதும் கொட்டுவதும் எதுவானாலும் அவர்களுக்குத் தேனீதான். தேனீ என்றால் உடம்பில் முடி இருக்கும், பூந்தூள் ஒட்டிக்கொண்டு வருவதற்கு. குளவி வழவழவென்று இருக்கும், இடுப்பு சிறுத்திருக்கும் என்று தொண்டை வற்றக் கத்துவேன். வேப்பங்கிளையில் உள்ளங்கை அகலத்துக்குக் கட்டுவது கொம்புத்தேன். சுவர் ஓட்டையில் பிசின் குழாய் வைத்துக் குடியிருக்கும் கொசுத்தேனீ கொட்டவே கொட்டாது. தண்ணீர்த் தொட்டி அடியில் பெரிய அடையாகத் தொங்குகிற மலைத்தேனீயிடம் மட்டும் விளையாடக் கூடாது. கொட்டிய இடத்தில் கொடுக்கை விட்டுவிட்டுப் போனால் தேனீ. விடாமல் திரும்பத் திரும்பக் கொட்டினால் குளவி. இவ்வளவும் சொன்ன பிறகும் அடுத்த வாரம் ஒருத்தி ஈயைக் குத்திக் கொண்டுவந்து தேனீ என்பாள்.

எறும்பை நான் பெட்டியில் பார்த்துக் கற்கவில்லை. சின்ன வயதில் அம்மாவோடு மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கப் போனபோது காலில் ஏறியவற்றை வலியை வைத்தே தெரிந்துகொண்டேன். கட்டெறும்பு கடித்தால் ஊசி ஏறுகிற மாதிரி இருக்கும். முசுறு கடித்தால் எரியும், மாமரத்தையே விட்டு ஓட வேண்டியிருக்கும். ஒன்றும் செய்யாத கருப்பு எறும்பு பிள்ளையார் எறும்பு. நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம். எங்களுக்கும் அது பிள்ளையார் எறும்புதான்.

இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்த தவறு எனக்குத் தெரியாமல் நடந்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

என்னைக் கட்டிக்கொடுத்த ஊர் முகையூர்ப் பக்கம். காலனியில் அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. பின்பக்கம் சவுக்குக் கழி நட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ஒரு சார்ப்பு. விறகும் உடைந்த நாற்காலியும் அங்கே கிடக்கும். வீட்டில் மூன்று பேர். என் கணவர் திண்டிவனத்தில் ஒரு அரிசி ஆலையில் லோடு வண்டி ஓட்டுகிறார். முதல் பஸ்ஸுக்குப் போய் இருட்டிய பிறகு வருவார். நான் ஆய்வக உதவியாளர்தான் என்று தெரிந்தும் "இன்னா டீச்சர்" என்றுதான் என்னைக் கேலியாகக் கூப்பிடுவார். மூன்றாவது ஆள் அவருடைய அம்மா, என் மாமியார்.

அத்தை அறுபதைத் தாண்டியவர். நடவு, களையெடுப்பு, கடைசியில் நூறு நாள் வேலை என்று உடம்பு தேய உழைத்தவர். இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. கண் முகாம்காரர்கள் இரண்டு முறை வந்து கூப்பிட்டார்கள். "பேரப்புள்ள பொறக்கட்டும், அப்பறமா கண்ணத் தொறந்து பாத்துக்கறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதை என் காதில் விழும்படிச் சொன்னார்.

கல்யாணமாகி ஆறு வருடம் ஆகியிருந்தது. புதுச்சேரியில் போய்ப் பார்த்தோம். இருவருக்கும் ஒரு குறையும் இல்லை என்றார்கள். குறை இருந்தால் மாத்திரை தின்னலாம். இல்லை என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அத்தை என்னை அடித்ததில்லை, சாப்பாட்டில் குறை வைத்ததில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டார், அவ்வளவுதான். "ந்தா." ஆறு வருடமும் எனக்கு அதுதான் பெயர். எதிர்வீட்டு மருமகளுக்கு வளைகாப்பு நடந்த அன்று நான் புடவை கட்டிக்கொண்டு கிளம்ப, "ந்தா, நீ காலேஜுக்குப் போலையா?" என்று கேட்டார். அன்று ஞாயிற்றுக்கிழமை. நான் புடவையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டுத் துணி துவைத்தேன்.

ஆனி மாதம் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அத்தை சார்ப்பிலிருந்து கூப்பிட்டார்.

"ந்தா, இங்க வாயேன். மேல ஏதோ ரீங்குனு சத்தம் கேக்குது. போய்ப் போய் வந்துக்கினு இருக்குது. எனக்குக் கழியே கோடாட்டம்தான் தெரியுது. நீ படிச்சவதானே, பாத்துச் சொல்லு. மண்குளவிதானே?"

எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. மண்குளவி ஒரு வீட்டில் கூடு கட்டினால் அந்த வீட்டில் ஒருத்தி உண்டாகியிருக்கிறாள், இல்லையென்றால் சீக்கிரம் உண்டாவாள். கூட்டைக் கலைக்கக் கூடாது. கலைத்தால் கருவும் கலையும். எந்த மண்ணில் கட்டுகிறது என்று பார்த்து ஆணா பெண்ணா என்றும் சொல்லிவிடுவார்கள். அத்தை எதற்காகக் கேட்கிறார் என்று எனக்கு விளக்க வேண்டியதில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. மண்குளவிக்கு இடுப்பு நூல் மாதிரி இருக்கும். அது கட்டுவது சுவரில் அப்பிய மண் கட்டி. இது தடித்த உடம்பு, செம்பழுப்புத் தலை, கருத்த வயிற்றில் ஒரே ஒரு ஆரஞ்சுப் பட்டை. கூடு மண்ணே இல்லை. பழைய சவுக்குக் கழியைச் சுரண்டி, மென்று, கூழாக்கிக் கட்டியது. காகிதம் மாதிரி வரிவரியாக, கவிழ்த்துத் தொங்கவிட்ட சின்னச் சொம்பு போல, வாய் மட்டும் கீழே குழாயாக நீண்டிருந்தது. கதண்டு, கூட்டமாகச் சூழ்ந்து கொட்டினால் ஆளையே சாய்க்கிற குளவி. அதிலும் ராணி, ஒண்டியாக இருந்தது. இனிமேல்தான் முட்டையிட்டுக் கூட்டத்தைப் பெருக்க வேண்டும். அன்றைக்கு அதற்கு ஒரு துடைப்பம் போதும்.

சொல்ல வாயைத் திறந்தேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். காய்ந்த கை.

"சொல்லு கண்ணு."

ஆறு வருடத்தில் முதல்முறை.

"ஆமா அத்த," என்றேன். "மண்குளவிதான்."

"எந்த மண்ணுல கட்டுது?"

"கரம்ப மண்ணு மாதிரி இருக்கு."

"அப்ப பையன்தான்" என்று சொல்லி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அன்று மத்தியானம் மீன் குழம்பில் நடுத்துண்டு என் தட்டுக்கு வந்தது.

மறுநாளே தட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். காற்றில் விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். வாய்ப்பே கிடைக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அத்தை ரேஷன் கடைக்குப் போன ஒரு காலையில், துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு கூட்டுக்குக் கீழே போய் நின்றேன். ராணி இரை தேடப் போயிருந்தது. குழாய் வழியாகப் பார்த்தால் உள்ளே அறைகளில் வெள்ளையாக மூன்று நான்கு புழுக்கள். துடைப்பத்தைத் தூக்கினேன். எனக்கு அந்த மாதம் நான்கு நாள் தள்ளிப் போயிருந்தது. கலைத்தால் கருவும் கலையும் என்பது என் மண்டைக்குள் அத்தையின் குரலிலேயே ஓடியது. படித்தவள் இதை நம்பினாயா என்று கேட்டால், அந்த நேரம் நம்பினேன். துடைப்பத்தை மூலையில் சார்த்திவிட்டு உள்ளே போய் டீ போட்டுக் குடித்தேன்.

இரண்டு நாள் கழித்து, கல்லூரிக் கழிப்பறையில், எல்லா மாதமும் போல இந்த மாதமும்தான் என்று தெரிந்தது. ஆய்வகத்துக்குத் திரும்பி வந்து பெட்டிகளைத் துடைத்தேன். அழவில்லை. கோபம்தான் வந்தது, யார்மேல் என்று தெரியாமல்.

அத்தையிடம் சொல்லவில்லை. அடுத்த மாதமும் சொல்லவில்லை. துணியைக் கல்லூரியிலேயே அலசிப் பையில் மறைத்துக் கொண்டுவந்து, அவருக்குத் தெரியாத நேரத்தில் காயப்போட்டேன். கண் தெரியாதவரை ஏமாற்றுவது ஒன்றும் கஷ்டமில்லை. அவர் எனக்குக் கேப்பை மாவில் முருங்கைக்கீரை போட்டு அடை தட்டினார். தண்ணீர்க் குடம் தூக்கவிடவில்லை. வாசலில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரிடம் பேசும்போது, "எம் மருமவ" என்று குரலை உயர்த்திச் சொன்னார். அந்தக் குரலுக்காக நான் எதையும் தின்றிருப்பேன்.

கூடு வளர்ந்தது. ஆடியில் தேங்காய் அளவு, ஆவணியில் சின்னக் குடம் அளவு. குழாய் காணாமல் போய்ப் பக்கவாட்டில் ஒரு ஓட்டை வந்தது. அதில் எந்நேரமும் இரண்டு மூன்று தலை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். ஊர்க்கண் பட்டுவிடக் கூடாது என்று அத்தை தன் பழைய புடவை ஒன்றைச் சார்ப்புக்குக் குறுக்கே திரையாகக் கட்டிவிட்டார். எதிர்வீட்டு அக்கா ஒருமுறை திரையை விலக்கப் போக, "உன் கண்ணு கொள்ளிக் கண்ணு, போடி" என்று விரட்டிவிட்டார். ஊரில் வேறு யாராவது ஒருவர் பார்த்திருந்தால் போதும். களைவெட்டுகிற எந்தப் பெண்ணுக்கும் கதண்டைத் தெரியும். திரை நன்றாக வேலை செய்தது.

என் கணவர் மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை திரைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"இன்னா டீச்சர், குளவி இம்மாம் பெருசாவா கட்டும்? பேஜாரா இருக்குதே. ஒண்ணும் பண்ணாது இல்ல?"

"நாம சீண்டாத வரைக்கும் அதுங்க பாட்டுக்கு இருக்கும்" என்றேன். அதில் பொய் இல்லை. புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. அவர் வெளியூர்ச் சாலைகளிலேயே இருக்கிற மனிதர். பூச்சி விஷயத்தில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. சரி என்று போய்விட்டார்.

அன்றைக்கே அவரைத் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். தீயணைப்புக்காரர்களுக்கு ஒரு போன் செய்திருப்பார். ஆனால் கூட்டோடு சேர்ந்து இன்னொன்றும் எரிந்துபோகும். மறுநாள் காலையில் "ந்தா" என்று கூப்பிடும் குரலை நினைத்துப் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று விட்டேன். இடையில் ஒரு மாதம் உண்மையாகவே நின்றுவிட்டால் பிறகு யாருக்குக் கூடு வேண்டும்?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் காலையில் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போதே ஷீட்டில் ஓட்டை விழுந்து சார்ப்பு ஒழுகிக்கொண்டிருந்தது. "தண்ணி எங்க சொட்டுது, கூட்டு மேலயா?" என்று அத்தை கேட்டார். "பக்கத்துலதான் அத்த" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

பதினொரு மணி இருக்கும். ஆய்வகத்தில் போன் அடித்தது. எதிர்வீட்டு அக்கா.

"ஜல்தி வாம்மா, உன் மாமியாள குளவிங்க சூழ்ந்துக்கினு கொட்டிடுச்சு. கோணிய நனச்சிப் போட்டு இழுத்துக்கினு வந்தோம். ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டோம், பெரிய ஆஸ்பத்திரிக்கு வருது."

நடந்ததை அந்த அக்காதான் பிறகு சொன்னார். கூடு நனைந்துவிடக் கூடாது என்று அத்தை ஒரு யூரியா சாக்கைப் பிரித்து எடுத்துக்கொண்டு, ஸ்டூல் போட்டு ஏறியிருக்கிறார். கையால் தடவித் தடவிக் கழியைக் கண்டுபிடித்து, சாக்கின் ஒரு முனையைக் கட்டியும் விட்டார். அடுத்த முனையைக் கட்டக் கையை நீட்டியபோது கை கூட்டின் மேல் பட்டது. மண்குளவியாக இருந்திருந்தால் கூட்டில் கொட்டுவதற்கு ஆள்கூட இருந்திருக்காது. குஞ்சுக்குச் சிலந்தியை அடைத்து வாயை மூடிவிட்டு அது எப்போதோ பறந்து போயிருக்கும்.

ஆஸ்பத்திரி கல்லூரியிலிருந்து ரொம்ப தூரமில்லை. ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே நான் வாசலில் நின்றிருந்தேன். இறக்கியபோது அடையாளம் தெரியவில்லை. முகம் வீங்கி, கண் இரண்டும் மூடி, தலை முடிக்குள் செத்த பூச்சிகள் சிக்கியிருந்தன. நான் ஒன்றை எடுத்தேன். பழக்கம். கருத்த வயிற்றில் ஒரே ஒரு ஆரஞ்சுப் பட்டை.

டியூட்டியில் இருந்த டாக்டர் என் வயதுப் பெண். "என்ன கடிச்சுது?" என்று கேட்டுக்கொண்டே கொடுக்கு இருக்கிறதா என்று தோலைத் தேட ஆரம்பித்தார்.

"குளவிங்க" என்றார் எதிர்வீட்டு அக்கா.

"கொடுக்கு இருக்காது டாக்டர், தேடாதீங்க," என்றேன். "இது கதண்டு. நூறு இடத்துக்கு மேல கொட்டியிருக்கும். சிறுநீரகத்தப் பாருங்க."

டாக்டர் ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டு நர்ஸிடம் மருந்துப் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தார். அவர்கள் செய்ய வேண்டியது எல்லாவற்றையும் செய்தார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மறுநாள் சிறுநீர் டீத் தண்ணீர் நிறத்தில் கொஞ்சமாக வந்தது. பிறகு அதுவும் நின்றது. இரண்டு முறை ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். என் கணவர் வண்டியைத் திண்டிவனத்திலேயே விட்டுவிட்டு வந்து, வார்டு வாசலில் சுவரைப் பார்த்தபடி நின்றார். முதல் நாள் சாயங்காலம் பொழுது சாய்ந்ததும் தீயணைப்புக்காரர்கள் வந்து கூட்டைக் கொளுத்திவிட்டார்கள் என்று ஊரிலிருந்து போன் வந்தது.

இரண்டாம் நாள் மத்தியானம் அத்தைக்கு நினைவு வந்தது. நான்தான் பக்கத்தில் இருந்தேன். உதடு தடித்துப் பேச்சு குழறியது. குனிந்து காதை வைத்துக் கேட்டேன்.

"கூடு இருக்குதா கண்ணு? யாரும் கலைச்சிடல இல்ல?"

"இருக்குது அத்த."

"நனைஞ்சிடுச்சா?"

"இல்ல. சாக்கு மூடிக்கினு இருக்குது."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு கையால் துழாவினார். நான் கையைக் கொடுத்தேன். அவர் கேட்டது கை இல்லை. வீங்கிய விரல்களால் என் புடவையை ஒதுக்கி அடிவயிற்றின் மேல் வைத்துக்கொண்டார்.

"நாள் தள்ளிக்கினுதானே இருக்குது?"

"ஆமா அத்த" என்றேன். முந்தின நாள்தான் வந்திருந்தது.

மூன்றாம் நாள் காலையில் செத்துப்போனார்.

இயற்கையான சாவு இல்லை என்பதால் போலீஸ் வந்து எழுத வேண்டும். பிணவறைக்கு வெளியே ஒரு பெஞ்சில் ஏட்டு அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். என் கணவர் என் பக்கத்தில் நின்றார். மூன்று நாளாக அவர் சாப்பிடவில்லை, சவரம் செய்யவில்லை.

"விஷ வண்டுன்னு போட்டுக்கவாம்மா?" என்றார் ஏட்டு.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வண்டுக்குக் கொடுக்கே கிடையாது. அடுத்த நாள் செய்தித்தாளிலும் விஷ வண்டு கடித்து மூதாட்டி சாவு என்றுதான் போடுவார்கள். சாகும்வரை அத்தைக்கும் அதன் சரியான பெயரை யாரும் சொல்லவில்லை.

"வண்டு இல்லீங்க. கதண்டு."

"நல்லாத் தெரியுமா? பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்போ?"

"ஆனி மாசம். அது கட்ட ஆரம்பிச்ச அன்னிக்கே."

ஏட்டின் பேனா நின்றது. என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் கணவரின் முகத்தைப் பார்த்தார். எதற்கு வம்பு என்று நினைத்திருக்க வேண்டும். கதண்டு என்று மட்டும் எழுதிக்கொண்டு அட்டையை என்னிடம் நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். என் கணவர் என்னைப் பார்க்கவில்லை. எதிரே நின்ற ஆம்புலன்ஸின் நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்லறையில் வைத்துவிட்டு வந்த மறுநாள் அவர் சார்ப்புக்குள் ஸ்டூல் போட்டு ஏறினார். கழி கருகியிருந்தது. அத்தை ஒரு முனையைக் கட்டிய யூரியா சாக்கு, தீயில் பாதி உருகி அப்படியே தொங்கியது. மழையில் இறுகிப்போன முடிச்சை நகத்தால் நெம்பிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் கேட்டார்.

"அம்மா உன்னத்தானே பாத்துச் சொல்லச் சொன்னாங்க?"

"ஆமா."

"நீ இன்னா சொன்ன?"

"மண்குளவின்னு சொன்னேன்."

"ஏன்?"

நிறைய காரணம் யோசித்து வைத்திருந்தேன். பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் அடுக்கி அடுக்கி வைத்தவை. வாயில் வந்தது வேறு.

"என்ன கண்ணுன்னு கூப்டாங்க" என்றேன்.

அவர் முடிச்சைப் பாதியில் விட்டுவிட்டு இறங்கினார். ஸ்டூலை எடுத்துச் சுவரோரம் போட்டார். திட்டவில்லை, ஊரைக் கூட்டவில்லை, என்னை அம்மா வீட்டுக்குப் போ என்றும் சொல்லவில்லை. முதல் பஸ்ஸுக்குப் போகிறார், இருட்டிய பிறகு வருகிறார். சாக்கு இன்னும் அங்கேயே தொங்குகிறது.

டீச்சர் என்று இப்போது கூப்பிடுவதில்லை. ஏதாவது வேண்டுமென்றால், "ந்தா" என்கிறார்.